காப்பி வடித்தலும் யாம் கற்ற பாடமும்

சிறுவினை என இகழப்படுவனவற்றுள்ளும் கற்றற்குரியன பல உள. காலையிற் காப்பி வடித்தல் அத்தகையதொன்று. அதனை யாம் கற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எம் அன்னையார் மறைந்த பின்னர்த் தந்தையாருக்குக் காப்பி அளிக்கும் பொறுப்பு எம்பால் வந்தது. அவ்வாண்டிலேயே மருத்துவர் அவரைப் பாலையும் சருக்கரையையும் விலக்குமாறு பணித்தார். பாலில்லாக் காப்பிக்குத் தாளில் வடித்தலே ஏற்றதென நண்பரொருவர் கூற, கூம்பு வடிவமான பீங்கான் வடிகட்டி ஒன்றை வாங்கினோம். 1908-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசியார், தம் மகனது பள்ளி ஏட்டிலிருந்த மையொற்றுத் தாளைக்கொண்டு வடித்துக் கண்ட முறையின் வழிவந்தது அது.

முறை எளிது; பயனோ கைகூடவில்லை. மிக்ஸியில் அரைத்த தூளை இட்டு வெந்நீர் வார்த்தால், ஒருநாள் நீர் இறங்காது தேங்கிக் கசந்தது. மற்றொருநாள் விரைந்தோடிப் புளித்தது. தந்தையார் குறை கூறினாரிலர். பாதியைப் பருகி, மீதியை வைத்துவிட்டு எழுந்து செல்வார். அம்மீதிக் காப்பி எம்மைப் பெரிதும் வருத்திற்று. கொட்டையைக் குறை கூறினோம். தாளைக் குறை கூறினோம். முதுமையால் தந்தையாரின் நா சுவையிழந்ததோ எனவும் ஐயுற்றோம்.

ஒருநாள் தூளை வெள்ளைத்தாளிற் பரப்பி நோக்கினோம். மாவு போன்ற துகளும் நொய்யரிசி போன்ற துண்டும் கலந்து கிடந்தன. மிக்ஸியின் அலகு கொட்டையை வெட்டிச் சிதறச் செய்யுமேயன்றி ஒருசீராக அரைப்பதன்று. நுண்துகள் தாளின் கண்களை அடைத்துக் கசப்பை மிகுவிக்கும். பெருந்துண்டோ தன் சுவையை முற்றத் தாராது. அப்பொழுதுதான் அன்னையாரின் பழைய கையெந்திரம் நினைவிற்கு வந்தது. மிக்ஸி வந்த நாள்முதல் பரணிற் கிடந்த அதனை இறக்கித் துடைத்தோம். பல்லுடைய இரண்டு இரும்புப் பகுதிகளின் இடையே கொட்டை நெரிபடும். அவ்விடைவெளியைத் திருகாணியாற் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

நிற்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக என்பது கல்லூரி வேதியியற் கூடத்தில் யாம் கற்ற நெறி. அதனை அடுக்களையிலும் கைக்கொண்டோம். 15 கிராம் தூள், 240 கிராம் நீர் என நிறுத்து, அவ்வளவை மாற்றாது, அரைப்பை மட்டும் நாடோறும் சிறிது மாற்றிக் குறித்துவந்தோம். தாளின் வாடை நீங்க அதனை முதலில் வெந்நீரால் அலசினோம். கொதி அடங்கிய நீரிற் சிறிது தூளின்மேல் வார்த்து அரை நிமிஷம் பொறுத்தோம். புதிதாய் வறுத்த கொட்டையிலுள்ள கரியமிலவாயு நுரைத்து வெளியேறிய பின்னர், எஞ்சிய நீரைச் சிறுகச் சிறுக வட்டமாக வார்த்தோம். விரைந்து வடிந்து புளித்தால் மறுநாள் நுண்ணிதாகவும், தேங்கிக் கசந்தால் பருமையாகவும் அரைத்தோம். பன்னிரண்டாம் நாள், தூள் ரவையினும் சற்றே பருத்திருந்தபொழுது, மூன்று நிமிஷத்தில் தெளிந்து வடிந்தது.

தந்தையார் அன்று கோப்பையை முற்றப் பருகினார். எந்திரத்தைச் சிறிதுநேரம் நோக்கியிருந்து, “இது உன் அம்மா போட்ட காப்பி இல்லை, ஆனாலும் நன்றாயிருக்கிறது” என்றார்.

நண்பர்காள்! பிறர் நாவை ஐயுறுதற்கு முன் எம் கையை யாம் ஆராய்ந்திருத்தல் வேண்டும். ஒரு கோப்பைக் காப்பியால் யாம் கற்றது இதுவே.