விலை கூடிய ஒயில்

களப்பணியாளர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். மரணச் சான்றிதழ் எடுப்பது முதல் கோழிக்குஞ்சுக்கு மருந்து கொடுப்பது வரை எங்களிடம்தான் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு கான் எஞ்சின் ஒயில்.

பரந்தன் பக்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் போனவர் போனவர்தான். கணவர் திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகள். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா என்று பைக்கற் போட்டுக் கிளிநொச்சி வரை கடைகளுக்குக் கொடுப்பார். முன்பு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கித் திரிந்தவர், கழுத்துச் சங்கிலியை விற்றுப் பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் ஒன்றை வாங்கினார். கியர் சைக்கிள் ஓடும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தச் சைக்கிளில்தான் வந்தது.

2023ஆம் ஆண்டு ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "மிஸ், சைக்கிள் பழசாப் போச்சு. எஞ்சின் இன்னும் கொஞ்சக் காலம் நிண்டு பிடிக்க எந்த ஒயில் நல்லது?"

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் பெரிய விலை. இந்த எஞ்சின் போனால் அவரால் இன்னொன்று வாங்க முடியாது. "ஃபுல் சிந்தெற்றிக் போடுங்கோ அக்கா. விலை கூடத்தான், ஆனால் அதுதான் நல்லது" என்றேன். நானே கூடப் போய், பழைய கானில் இருந்த 10டபிள்யூ-30 என்ற எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ள, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய கானை எடுத்துக் கொடுத்தேன். அதில் காரின் படம் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. "மிஸ், எஞ்சின் கத்துது, சைக்கிள் இழுக்குதில்லை." மூட்டையோடு நடுவழியில் நின்றார். கராஜில் இருந்த தம்பி முதலில் கேட்டது ஒயில் கானைத்தான். பார்த்துவிட்டு, "இது கார் ஒயில் அக்கா, கிளச் சறுக்குது" என்றார்.

அன்று அவர் விளக்கியதை நானும் பிறகு வாசித்து உறுதிப்படுத்திக் கொண்டேன். காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியருக்கு வேறு ஒயில். ஸ்பிளெண்டர் போன்ற கியர் சைக்கிளிலோ எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில். கிளச் தட்டுகள் அந்த ஒயிலில் ஊறியபடியே ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கிறார்கள். அது காருக்கு நல்லது. எங்கள் கிளச் தட்டுகளுக்கோ பிடிமானம் போய்விடும். ஆகவே பிழை சிந்தெற்றிக்கில் இல்லை. சிந்தெற்றிக் ஒயில் சூட்டைக் கூடத் தாங்கும், மெதுவாகவே பழுதாகும் என்பது உண்மைதான். அது எந்த எஞ்சினுக்கென்று செய்யப்பட்டது என்பதை நான் பார்க்கவில்லை.

ஒயிலை மாற்றியும் சறுக்கல் நிற்கவில்லை. கிளச் தட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கிழமை அவர் கடைகளுக்கு மா கொடுக்கவில்லை. பாதிச் செலவை நான் கொடுத்தேன். வாங்க மறுத்தவரின் கையில் திணித்துவிட்டுத்தான் வந்தேன்.

"முதலே என்னட்டக் கேட்டிருக்கலாமே அக்கா" என்று அந்தத் தம்பி சொன்னபோது அவர் தலையைக் குனிந்து கொண்டார். வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னார்: "ஆம்பிளையள் நிக்கிற இடத்தில கேட்டால் சிரிப்பாங்கள் எண்டுதான் மிஸ் உங்களைக் கேட்டனான்."

இரவு நித்திரை வரவில்லை. மக்களின் தேவையை மக்களிடமே கேட்டு அறிய வேண்டும் என்று சமூகவியல் பாடத்தில் பரீட்சை எழுதியவள் நான். அவருக்குக் கேட்க வெட்கம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம். இரண்டு வெட்கங்களுக்கும் சேர்த்து அவருடைய கிளச் விலை கொடுத்தது.

ஆகவே சகோதரிகளே, ஒயில் வாங்கும்போது விலையை முதலில் பார்க்காதீர்கள். உங்கள் சைக்கிளின் கையேடு சொல்லும் எண்ணைப் பாருங்கள். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்றால் பஜாஜ் சீ.ரி.100க்கு 20டபிள்யூ-50. முதல் எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். பழைய சைக்கிள் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் கையேடு இருக்காது. அந்தக் கம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் சைக்கிளின் மாதிரியைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, கானின் பின்பக்கத்தில் ஜாசோ என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அது 1998இல் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று வந்த தரம். கியர் சைக்கிள் என்றால் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டிகளில் கிளச் ஒயிலில் ஊறுவதில்லை. அவற்றில் பலவற்றுக்கு எம்.பி. என்ற வகையையே கம்பனி சொல்கிறது. வட்டமான முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சேர்விங்' என்று இருந்தால் அதைக் கியர் சைக்கிளுக்கு வாங்க வேண்டாம். எண்ணும் எழுத்தும் பொருந்திய பிறகு, கையில் காசு இருந்தால் சிந்தெற்றிக் வாங்குங்கள். இல்லாவிட்டால் அதே அடையாளமுள்ள சாதாரண மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். சின்ன எஞ்சினுக்கு அது போதும். இந்த எஞ்சின்களில் கொஞ்ச ஒயில்தான் இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். வடித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

அந்த ஸ்பிளெண்டர் இன்றும் ஓடுகிறது. அக்கா இப்போது ஒயில் கானைத் தானே திருப்பிப் பார்த்து வாங்குகிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்கூட்டிக்கும் அவர்தான் பார்த்துக் கொடுத்தார். என்னிடம் யாராவது தெரியாத ஒன்றைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, வாங்கோ, தெரிஞ்ச ஆளிட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்பம்" என்று சொல்கிறேன்.