ஒரே எண்ணில் இரண்டு பேர்

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். மடிக்கணினியும் கையுமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐடி தாத்தா. ஒரே ஐபி முகவரிய வாங்கிக்கிட்டு அடிச்சிக்குதுங்க."

மெஷின் எங்கே என்றால் கண்ணுக்குத் தெரியாதாம். ஒரு பெரிய கணினிக்குள்ளேயே பல கணினிகள் குடித்தனம் நடத்துகின்றன, விர்ச்சுவல் மெஷின். எல்லாவற்றையும் மேய்ப்பது லினக்ஸின் கெர்னல். இதை பிரெஞ்சில் நுவாயோ என்பார்கள். பழத்துக்குள் இருக்கும் கொட்டைக்கும் அதே சொல்தான். அதனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அப்போ யார் எதுன்னு அந்தக் கொட்டைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பயல் உற்சாகமாகிவிட்டான்.

2007-லிருந்து லினக்ஸில் கேவிஎம் என்று ஒரு பகுதி உண்டு. நாம் மெஷினுக்கு வைக்கும் பெயரை அது சட்டை செய்வதில்லை. புது மெஷின் கேட்டால், கேட்ட நிரலின் கையில் டோக்கன் மாதிரி ஒரு சின்ன எண்ணைக் கொடுக்கும். அந்த நிரலுக்கென்று ஏற்கெனவே ஒரு ப்ராசஸ் எண் இருக்கும். இரண்டையும் சேர்த்து 4312-11 என்பதுபோல ஓர் அடைவு. மெஷினை நிறுத்தினால் எண்கள் காலி. பிறகு வேறொருவருக்குப் போகலாம். நிலையான ஐடி மெஷினுக்கு உள்ளே, ஒரு கோப்பில், எண்ணும் எழுத்துமாக 32 இடத்துக்கு இருக்கிறது. இவன் ஒன்றை நகலெடுத்து இன்னொன்றைச் செய்தபோது அதுவும் சேர்ந்து நகலாகிவிட்டது.

இன்டெல் ப்ராசஸருக்கு வேறு தனி எண் வேண்டுமாம், விபிஐடி என்று. 0 வீட்டுக்காரருக்கு, மற்றவை குடித்தனக்காரர்களுக்கு. நினைவகத்தில் எது எங்கே என்று ப்ராசஸர் எழுதிவைக்கும் குறிப்புகள் யாருடையவை என்று பிரிக்கத்தான் அது.

"பழைய எண்ணைப் புதுசா ஒருத்தருக்குக் கொடுத்தா, பழைய குறிப்பை முதல்ல துடைச்சிடணும் தாத்தா. இல்லைன்னா இவன் கணக்கு அவன்கிட்ட போயிடும்."

எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை.

1984. நான் பென்ஷன் பிரிவில் இருந்தேன். இறந்துபோன ஒருவரின் கோப்பை முடித்துவிட்டு, அந்த எண்ணைப் புதிதாக வந்த ஒரு விதவைக்குக் கொடுத்தேன். அட்டையை மாற்றினேன். பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்த முன்பணப் பிடித்தத்தை அடிக்க மறந்தேன். மாதம் நாற்பது ரூபாய், ஏழு மாதம், அந்த அம்மாளிடமிருந்து போயிற்று.

ஒருநாள் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். சத்தம் போடவில்லை. "எங்க வீட்டுக்காரர் கடன் வாங்கினதே எனக்குத் தெரியாதுங்க. என்கிட்ட எதையும் மறைக்கமாட்டாரு. எதுக்கு வாங்கினாருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பணம் கேட்டு வரவில்லை. ஏழு மாதம் செத்துப்போன புருஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அடுத்த மாதமே நிலுவையோடு பணம் திரும்பியது. "ஆபீஸ் தவறும்மா, அவர் எந்தக் கடனும் வாங்கல" என்றேன். என் தவறு என்று சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பேரன் நகல் மெஷினில் அந்தக் கோப்பைக் காலி செய்து திரும்ப இயக்கினான். புது ஐடி வந்தது, வேறு முகவரியும் கிடைத்தது.

"ரெண்டு நிமிஷ வேலை தாத்தா" என்றான்.