ஒரு மா நிலத்துப் புதுநெல்

மார்கழி முடியும் தறுவாயில் எங்கள் ஊருக்கு ஒரு வாசனை வந்துவிடும். விடியற்காலைப் பனியில் வரப்பின்மீது நடந்தால், முற்றிய கதிரும் காயத் தொடங்கிய சேறும் கலந்த அந்த மணம் வீடுவரை கூடவே வரும். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும்போது ஒரு கிளையாகப் புறப்பட்டு வருவது பாமணியாறு. நகரத்து வேலையை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் இங்கே குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பொங்கலை ஒட்டி நண்பர்கள் வருவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்பார்கள். அதை நாங்கள் மறுத்ததில்லை.

மறுக்கவும் முடியாது. தை மாதத்துச் சமையலறை அப்படிப்பட்டது. வேலியில் படர்ந்த அவரை, மொச்சை, கொல்லையில் விளைந்த பறங்கி, கருணைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கத்தரி, வாழைக்காய் எல்லாம் ஒரே குழம்பில் சேரும் நாள் பொங்கல். உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் அன்று இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருப்பதால், தேங்காயும் மறுபடி வீட்டுக் காயாகிவிட்டது.

அரிசியோடு பழகத்தான் காலம் பிடித்தது. வந்த முதல் ஆண்டு, அறுத்த பத்தாம் நாளே ஆசையாக நெல்லைக் குத்திச் சோறு வடித்தோம். சோறு களியாகக் குழைந்தது. வயிறும் இரண்டு நாள் மந்தமாக இருந்தது. புது அரிசி பொங்கலுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது, நெல் சில மாதங்களாவது பத்தாயத்தில் கிடந்து பழசாக வேண்டும் என்பதை ஊரார் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு 4 ஏக்கர் நிலம். இங்கே மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். அதில் ஒரு மாவில் மட்டும் கிச்சிலிச் சம்பா. அது எங்களுக்கு. மீதி அத்தனையும் பொன்மணி என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் சி.ஆர். 1009. அது கொள்முதலுக்கு. விற்பதற்கு ஒன்று, உண்பதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரசாயன உரம் போடாத அந்த ஒரு மாவைத்தான் வருகிற நண்பர்களுக்கெல்லாம் காட்டுவோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலையில் அந்த ஒரு மாவின் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது, நடவுக்கு வரும் மூதாட்டி ஒருவர் எதிரே வந்தார். எங்கள் பாட்டி அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர். நாங்கள் ஆயா என்கிறோம். கதிர் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தவர், "நல்லா மணி புடிச்சிருக்குங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் குறை சொல்லாத குரலில், "எங்க வூட்டுக்கு அரிசி வருதுங்க. நெல்லுதான் வர்றதில்ல. அது ஆச்சு பல வருஷம்" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கு உடனே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது.

2011 ஜூன் முதல் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதனால் அந்தத் தெருவில் அடுப்பு எரியாத நாள் இல்லாமல் போனதை நாங்கள் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆனால் இந்த மண்ணில் அவர் கையால் நட்ட நெல், கொள்முதல் நிலையத்துக்குப் போய், எங்கோ ஓர் ஆலையில் அரைபட்டு, எந்த ஊர் நெல், எந்த ரகம் என்ற அடையாளம் எதுவும் இல்லாத அரிசியாகத்தான் அவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. முன்பு அறுவடைக் கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. கலத்துக்கு இத்தனை என்று மரக்காலால் அளந்த நெல்லை முந்தானையிலும் சாக்கிலும் கட்டிக்கொண்டு போவார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் களம் என்பதே இல்லை. சேற்றிலும் இறங்கும் பெல்ட் வண்டி ஓர் ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அறுவடை நாளில் வயலில் அவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் நெல்லும் இல்லை.

கூலி நெல்லை ஓர் அழகிய பழைய வழக்கமாகப் பேச எங்களுக்கு உரிமை கிடையாது. அது எப்படி அளக்கப்பட்டது என்பதற்கு இந்தப் பழைய தஞ்சை மாவட்டமே சாட்சி. கூலியாகத் தரும் நெல்லை உயர்த்திக் கேட்டும் சங்கமாகச் சேர்ந்தும் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எங்கள் தாத்தாவும் களத்தில் நெல் அளந்தவர்தான். மரக்காலைத் தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்று நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு கிச்சிலிச் சம்பாவைக் கையால் அறுப்பது என்று முடிவு செய்தோம். கூலியாக நெல்லே தருவதாக ஆயாவிடம் சொல்லியனுப்பினோம். பதில் மாலையில் வந்தது. அவருடைய மருமகள் வந்து நின்று, "நெல்லு சரிங்க. மளிகைக் கடையில நெல்லு வாங்குவாங்களா? புள்ளைக்கு பஸ்ஸுக்கு நெல்லா குடுக்க முடியும்?" என்று கேட்டார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் நடப்புக் கூலி எவ்வளவோ அதை ரொக்கமாகத் தருவது, அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு மரக்கால் நெல் என்று பேசி முடித்தோம்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் அறுப்பு முடிந்துவிட்டது. கட்டுகளைத் தலையில் சுமந்து சாணமிட்டு மெழுகிய வாசலில் கொண்டுவந்து போட்டு, பிற்பகலில் அடித்தார்கள். கணக்குப் பார்த்தால் இயந்திரத்தைவிடச் செலவு அதிகம். வயல் முழுக்க இப்படிச் செய்ய எங்களால் முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு லாபம் நாங்கள் எதிர்பாராதது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பது டெல்டாவின் வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். முளைத்த உளுந்தை இயந்திரத்தின் பெல்ட் நசுக்கிவிடுவதால் பலர் இப்படித் தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு மாவில் மனிதக் கால்கள் மட்டுமே நடந்ததால், தாளுக்கு நடுவே உளுந்து வரிசை கலையாமல் எழுந்தது. பங்குனியில் அதைப் பறிக்கவும் அவர்களே வந்தார்கள்.

அன்று மாலை நெல்லை அளந்தோம். மரக்காலைப் பிடிக்க எங்களில் இருவருக்கும் கை வரவில்லை. ஆயாவே அளக்கட்டும் என்று அவரிடம் கொடுத்தோம். சற்றுத் தயங்கி வாங்கிக்கொண்டவர், ஒவ்வொருவருக்கும் தலைதட்டி, ஒரு மணி கூடாமல் குறையாமல் அளந்தார். தமக்கும் அப்படியே. "குவிச்சு அளங்க ஆயா" என்றோம். "பேசுனது ரெண்டு மரக்கா. அதுக்கு மேல எதுக்குங்க?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவருடைய பேத்தி ஒரு தூக்குவாளியோடு வந்தாள். திறந்தால் அவல். நெல்லை இரவு ஊறவைத்து, வடித்து, மண்சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் இடித்த அவல். லேசான சிவப்பு, கைக்கு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அந்தத் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக நெல் வந்திருக்கிறது, உழைப்பு வந்திருக்கிறது. சமைத்த பண்டம் ஒன்று வந்து எங்களுக்கு நினைவில்லை. பாட்டி இருந்திருந்தால் அந்தத் தூக்குவாளி திண்ணையைத் தாண்டியிருக்காது.

வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்து, பேத்தியையும் உட்கார வைத்துக் கூடத்தில் சாப்பிட்டோம். பதினோரு ஆண்டுகளில் இந்த நிலத்திலிருந்து நாங்கள் உண்டவற்றில் அதைவிட ருசியானது எது என்று யோசித்துப் பார்த்திருக்கிறோம். தூக்குவாளியை வெறுமனே திருப்பியனுப்பக் கூடாது என்பதால், அதில் அவரைக்காய் பறித்துப் போட்டுக் கொடுத்தோம். இந்தத் தையிலும் அந்த ஒரு மாவைக் கையால்தான் அறுத்தோம். மரக்கால் இப்போது ஆயா வீட்டில் இருக்கிறது.