அப்பாவின் விரலில் 94

காலேஜில் எனக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி என்றாலே அலர்ஜி. பீர்-லாம்பர்ட் விதி என்று ஒன்று உண்டு. அதில் முதல் வார்த்தையை மட்டும் வகுப்பே உற்சாகமாக ஞாபகம் வைத்திருந்தது.

2021 மே மாதம் அந்த விதி, பாலவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்பாவுக்கு கொரோனா. மெடிக்கல் ஷாப்பில் துணி கிளிப் மாதிரி ஒரு வஸ்து வாங்கி வந்தேன். ஆக்ஸிமீட்டர். "ஷாக் அடிக்குமாடா?" என்று கேட்டுக்கொண்டே விரலை நீட்டினார். 94.

அதற்குக் கீழே போனால்தான் ஆஸ்பத்திரி என்று டி.வி-யில் சொல்லியிருந்தார்கள். 'அப்பாடா' என்று உட்கார்ந்தேன்.

அம்மாதான், "நம்பரை விடுடா. மனுஷன் ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியாம மூச்சு வாங்கறார், அதைப் பாரு" என்றாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 87!

பத்து நாளில் அப்பா பிழைத்து வந்த பிறகு, பழைய பாடத்தைத் தூசி தட்டினேன். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஒரு மூலக்கூறுக்கு நாலு ஆக்ஸிஜன் வரை சுமக்கும். சுமை ஏறியதும் அதன் உருவம் மாறும், நிறமும் மாறும். கிளிப்புக்குள் இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டரில் சிவப்பு, 940-ல் அகச்சிவப்பு. சுமை இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விழுங்கும். சுமை ஏறியது அகச்சிவப்பை. எது எவ்வளவு மறுபக்கம் வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு. சதையும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே? ஆனால், துடிப்பது ரத்தம்தான். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் டாகுவோ அயோயாகி. உலகமே விரலில் கிளிப் மாட்டத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

சரி, 94 எப்படி 87 ஆனது? பல காரணங்கள் இருக்கலாம். ஒன்று என்னை உலுக்கியது. தோலில் உள்ள மெலனினும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆக்ஸிஜன் குறைந்ததை இந்தக் கருவி கவனிக்காமல் விட்டது, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அப்பா நல்ல கறுப்பு. நானும்தான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கிளிப் கிடக்கும். மாட்டும் முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் அழியுங்கள். நல்ல நம்பரே வந்தாலும், ஆள் எப்படி மூச்சு விடுகிறார் என்று ஒரு தடவை பாருங்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் கலரால பிரச்னைன்னு அமெரிக்காக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சானா? உங்கம்மா பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே சொல்லிட்டா!"