மாட்டுக்கொட்டகையில் ஒரு அம்பாசிடர்: தாத்தாவின் காரை மீட்கும் சின்னமனூர் வாத்தியார்!

தேனியிலிருந்து குமுளி போகும் நெடுஞ்சாலையில் சுமார் 25 கி.மீ. வந்தால் சின்னமனூர். ஒருபக்கம் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல், வாழை, தென்னை. இன்னொரு பக்கம் நிமிர்ந்து பார்த்தால் மேகமலை. வெளியூர்க்காரர்கள் பலருக்கும் இந்த ஊர் ஒரு திருப்பம் மட்டும்தான். டீ குடித்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, 18 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

அப்படித் திருப்பாமல் கொஞ்சம் ஊருக்குள் நடந்து பாருங்கள். லேத், வெல்டிங், டிங்கரிங், பெயிண்டிங் என்று வண்டி வேலை நடக்கும் பட்டறைகள் கண்ணில் படும். காரணம், மலைக்கு மேலே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து தினமும் விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப் ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். ஜீப் ஒருநாள் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டும் கை இந்தப் பக்கம் இன்னும் காலியாகவில்லை.

அந்தக் கைகளை நம்பித்தான் என் தாய்மாமா ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இலக்கணத்தில் புலி. ஆனால், ஸ்பேனரில் 10 எது, 12 எது என்று போன வருஷம் வரை தெரியாது. அவர்தான் வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகையில், துருப்பிடித்த ஒரு அம்பாசிடரை உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறார்.

ஊருக்கே ஆம்புலன்ஸ்

கார் என் தாத்தாவுடையது. 1978 மாடல், மார்க் 3. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியில் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய கார் அம்பாசிடர். 2014 மே மாதம் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. மந்திரி முதல் மாப்பிள்ளை வரை எல்லோரையும் சுமந்த கார் அது. எங்கள் தாத்தாவின் கார் சுமந்தது பெரும்பாலும் நோயாளிகளை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008-ல். அதற்கு முன்னால் நள்ளிரவில் நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி என்றால், காரோ ஜீப்போ வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சுமார் 100 கி.மீ. தாத்தா சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாராம். வாடகை வண்டியாக ஓட்டுவதை நிறுத்தி, காரைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகும் இந்த வேலை மட்டும் நிற்கவில்லை.

தாத்தா போன பிறகு கார் கொட்டகைக்குள் நின்றது. நின்றதுதான். மேலே கோழி அடைந்தது, உள்ளே எலி குடும்பம் நடத்தியது. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை பேசினார். இரண்டாவது முறை அத்தை சரி என்றே சொல்லிவிட்டார். "பென்ஷன் பணத்தை இரும்புல போடுறதுக்கு ரெண்டு பவுன் வாங்கலாம்ல" என்பது அத்தையின் கட்சி. அது தப்பான கட்சியும் இல்லை.

மாமா சம்மதிக்காததற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. "எதிர்த்த வீட்டு அக்கா வந்து, 'என் மூத்தவன் இந்தக் கார்லதான்டா பொறந்தான், வீரபாண்டி தாண்டல'ன்னு சொல்லிட்டுக் கதவத் தடவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் எப்படிய்யா எடைக்குப் போடுறது?"

மிதியடிக்குக் கீழே

மாமா முதலில் ஆசைப்பட்டது பெயிண்டுக்குத்தான். வெள்ளை அடித்துவிட்டால் கார் புதுசாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். பார்க்க வந்த டிங்கர் பெரியவர், வயது எழுபதை நெருங்குகிறது, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே கிடந்த ரப்பர் மிதியடியைத் தூக்கி, தரைத்தகட்டில் ஸ்குரு டிரைவரால் ஒரு குத்து குத்தினார். மறுபக்கம் மண் தரை தெரிந்தது.

"காய்ச்சக்காரனுக்குப் பவுடர் பூசுனா காய்ச்சல் போயிருமா, வாத்தியாரே?"

மாமாவின் முதல் பாடம் அதுதான். ஜீப்புக்குத் தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதாவது சேஸ் உண்டு. மேலே பாடி இற்றுப்போனாலும் வண்டி நிற்கும். அம்பாசிடர் அப்படி இல்லை. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்ததுதான் அதன் எலும்புக்கூடு. தரை போனால் காரின் பலமே போனது. அதனால் முதலில் கீழே, கடைசியாகத்தான் மேலே.

துரு உட்காரும் இடங்களும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. மிதியடிக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில், கதவின் அடி மடிப்பில், சக்கரத்துக்கு மேலே சேறு தங்கும் மூலையில். தண்ணீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும்போது, துரு அந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்புவது அதனால்தான். கொப்பளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இற்றுப்போன தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டில் ஒட்டு வெல்டிங். அதற்கு முன்னால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் பார்த்துக்கொண்டன. குழிகளில் மிஞ்சியதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், அதற்கு மேல் ரெட் ஆக்சைடு. பட்டி பூசி ஓட்டையை மறைக்கும் பேச்சே இல்லை. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மாமா பழைய சாக்பீஸ் டப்பாக்களில் போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை!

செம்பும் இரும்பும்

துருவைச் சுரண்டிக்கொண்டே மாமா இன்னொரு உலோகத்தைப் பற்றிப் பேசுவார். சரித்திரம் படிப்பவர்களுக்கு இந்த ஊர் என்றாலே சின்னமனூர்ச் செப்பேடுகள்தான். பாண்டியர் காலத்துச் செப்பேடுகள். அவற்றில் பெரிய செப்பேடு 10-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பாண்டியன் வெளியிட்டது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்ததையும் பாண்டியர்களின் பெருமையாகச் சொல்லும் செப்பேடு அது.

"ஆயிரம் வருஷத்துக்கு அது நின்னுச்சு, நம்ம கார் நாற்பது வருஷத்துல இப்படி ஆயிருச்சேன்னு கேப்பியே... செம்புக்கு மேல படியிற பாசி, செம்பவே மூடிக் காப்பாத்தும். இரும்புல படியிற துரு உதிந்து, உள்ள இருக்கறதயும் சாப்பிடக் கூப்பிடும். இரும்பு மனுசன் மாதிரிடா. கூடவே ஒரு ஆளு இருந்து பாத்துக்கணும்."

வாத்தியார் வேலை அவரை விட்டுப் போகவில்லை.

ஓடுவது பெரிசில்லை, நிற்கணும்

இத்தனை வருஷம் நின்ற இன்ஜினில் எடுத்தவுடன் சாவி போடக் கூடாது என்பது ஜீப் மெக்கானிக் சொன்னது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்கள். நாலாவது நாள் அசைந்தது. அன்றைக்கு அத்தை பாயசம் வைத்தார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பழைய ரப்பர் குழாய்கள் அத்தனையும் மாறின. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், டேங்க்கின் உள்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆனால் மாமா அதிகம் செலவழித்தது பிரேக்குக்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் சிலிண்டர்கள் உள்ளேயே துருப்பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், குழாய்கள் எல்லாமே புதுசு. உள்ளூரில் கிடைக்காத பாகங்களுக்கு மதுரை, கோவை, கடைசியில் சென்னை புதுப்பேட்டை. இதுவரை ஆன செலவு 1,40,000 ரூபாய். நோட்டில் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறார். அந்த நோட்டை அத்தையும் படிக்கிறார்.

மேகமலைக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். "அந்த வளைவுல ஏறுறது இன்ஜின் பொறுப்பு. எறங்குறது என் பொறுப்பு. அது வரட்டும்" என்றார்.

பேப்பரும் முக்கியம்

சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்தால், தகுதிச் சோதனை செய்து, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தாத்தா பெயரில் இருப்பதால், மாமா வாரிசுச் சான்றோடு முதலில் பெயர் மாற்றம் செய்தாக வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் உண்டு. ஆனால், அந்த வண்டிகளைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. எங்கள் காருக்கு அந்தத் தகுதி 2028-ல்தான் வரும். மாமாவுக்கு அதில் ஆர்வமும் இல்லை. "கண்காட்சிக்கு வைக்கவா இவ்வளவு பாடு?"

பேப்பர் தயாராகும்வரை கார் சாலைக்கு வரவில்லை. சொந்தத் தென்னந்தோப்பு வண்டித்தடத்தில் மட்டும், செம்மண் நிற ரெட் ஆக்சைடோடு, முன்னும் பின்னும் போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் மாமா ஒரே இடத்தில் பிரேக் அடித்து, இறங்கி, சக்கரத் தடத்தைக் குனிந்து பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றால், மாமாவின் யோசனைகள் மூன்று. பெயிண்ட் கடைக்குப் போகும் முன் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். முடிந்தால், கோவை அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நாலாவதாக ஒன்றை டிங்கர் பெரியவர் சொன்னார். அவரிடம் தொழில் கற்க ஆள் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவர் சுத்தியலால் தட்டும்போது, தகட்டுக்கு மறுபக்கம் இரும்புக்கட்டையைத் தாங்கிப் பிடிப்பவர் அறுபது வயது தமிழ் வாத்தியார். "இந்தப் பையன் பரவால்ல, கை நடுங்கல. ஆனா எனக்கு இன்னும் ரெண்டு பொடுசு வேணும். வண்டிய மெதுவாச் சரி பண்ணிக்கலாம், ஆளுக இருக்கும்போதே கத்துக்கிடச் சொல்லுங்க."