பாசியை வச்சே பாசியை விரட்டலாம்

உங்க வீட்டு உப்புத்தண்ணி மீன் தொட்டியில பச்சைப் பாசி முடி மாதிரி படர்ந்தா, மருந்து ஊத்தணும்னு கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. பாசி மொத்தமா செத்து அழுகினா தண்ணியில ஆக்சிஜன் குறையும், மீனே செத்துப்போகலாம். அது உறிஞ்சின நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் திரும்பத் தண்ணிக்கே வந்துடும். அப்புறம் புதுப் பாசிதான்.

என் தொட்டியில பாசியைக் கையால பிடுங்கி வெளியே போடறேன். உப்பு கலக்கறது ஆர்.ஓ. தண்ணியில. தீனி, மீன் மிச்சம் வைக்காத அளவு. லைட் 8 மணி நேரம்.

கீழே சம்ப்ல கீட்டோமார்ஃபாங்கற பாசியை நானே வளர்க்கறேன். மேல இருக்கற பாசியோட சாப்பாட்டை இது எடுத்துக்கும். வளர்ந்ததை அப்பப்போ அள்ளி எறிஞ்சா, அந்தச் சத்தும் தொட்டியை விட்டுப் போயிடும்.

பலன் தெரிய வாரக்கணக்காகும். ஆனா என் ரெண்டு க்ளவுன் மீனும் அதுவரைக்கும் உயிரோட இருக்கும் இல்லையா?