பதற்றத்துக்கு உளச்சிகிச்சை: எப்படி நடக்கிறது?

பதற்றம் எல்லாருக்கும் வரும். படிப்பையும் வேலையையும் தூக்கத்தையும் அது கெடுக்கத் தொடங்கினால் சிகிச்சை தேவை. மலேசியச் சுகாதார அமைச்சின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், பதின்ம வயது மாணவர்களில் ஐவரில் இருவரிடம் பதற்ற அறிகுறிகள் தென்பட்டன.

பதற்றத்துக்குப் பரவலாகப் பயன்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்த முறை, பின்னர் பதற்றத்துக்கும் விரிந்தது.

சிகிச்சைக்கு வந்தவருக்கு எப்போது நெஞ்சு படபடக்கிறது, அப்போது மனத்தில் என்ன ஓடுகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறார் என்று சிகிச்சையாளர் முதலில் கேட்டறிவார். தவிர்ப்பதால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும், பயமோ வளரும். அதனால் அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்.

மலேசியாவின் ஜுருவில் எஸ்பிஎம் தேர்வு எழுதவிருக்கும் மாணவி ஒருத்தி வகுப்பில் பேச அஞ்சுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அம்மாவிடம், அடுத்து இரு தோழிகளிடம், பிறகு சிறு குழுவில், கடைசியாக வகுப்பில் பேசுவாள். "எல்லாரும் சிரிப்பார்கள்" என்ற எண்ணத்தை முன்பே எழுதிவைத்து, உண்மையில் நடந்ததோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவாள்.

பிள்ளைகளுக்கான சிகிச்சையில் பெற்றோருக்கும் பங்குண்டு. ஆனால் உயிராபத்து போன்ற நிலை இல்லாதவரை பிள்ளை சொல்வது பொதுவாக ரகசியமாகவே இருக்கும். பெரியவர்களிடம் ஷிப்ட் வேலையால் கெட்ட தூக்கம், கடன், குடும்பப் பொறுப்பு ஆகியவையும் பேசப்படும். தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார்.

உதவி கேட்பதில் வெட்கமில்லை. அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கை நாடுங்கள். அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள்.